இருபது மூட்டைக் கசப்பு

எங்கள் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களிலேயே வாய் குறைந்தவள் அகுடோ. வாய் குறைந்தவளின் போனை வாய் நீண்டவள் வாங்கிப் படித்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. உட்காருங்கள் கண்ணுகளா, கால் நீட்டிக்கொண்டே கேட்கலாம்.

அகுடோ என் தம்பியின் மனைவி. தம்பி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது அப்போது. நான் ஒனிச்சா நகரத்துச் சந்தையில் துணிக்கடையை மூடிவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டவள். ஆகவே அவளை 'எங்க பொண்டாட்டி' என்று கூப்பிடும் உரிமை எனக்கு உண்டு. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் ஒருத்தியைக் கட்டி வந்தால் அவள் அந்தப் பங்காளிகள் அத்தனை பேருக்கும், ஆணோ பெண்ணோ, 'எங்க பொண்டாட்டி'தான். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு எவர் வாசலில் வந்து நின்றாலும் அவள் ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாக வேண்டும். உரிமையின் சூட்சுமம் அவ்வளவுதான்.

அந்த வருஷம் அகுடோ ஒரு பெரிய காரியம் செய்திருந்தாள். பங்காளி வீட்டு மருமகள்கள் பதினோரு பேரைப் பிடித்து, "மரவள்ளியைப் பிடுங்குங்க, கசப்பிலைக் குச்சி நடுங்க, வெளிநாட்டுக்கு அனுப்பலாம்" என்றாள். ஒருத்தியும் நம்பவில்லை. கசப்பிலை எங்கள் ஊரில் பயிரா என்ன? வேலி. குச்சியை ஒடித்துச் சொருகினால் அடுத்த மழைக்கு ஆளுயரம் நிற்கும். வேலியை விற்கப் போகிறாளாம் என்று நானே சிரித்தேன். ஆனால் பேசாதவள் பேசினால் ஜனங்களுக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. பதினோரு பேரும் மரவள்ளியைப் பிடுங்கினார்கள். நட்டார்கள். இலை தழைத்தது. இனி இலை போகவில்லை என்றால் அடுத்த வருஷம் முழுக்கப் பன்னிரண்டு வீடுகள் மரவள்ளியைக் கடையில் வாங்கித் தின்ன வேண்டும். அந்தப் பதினோரு பேர் முகத்திலும் அகுடோ தினம் தினம் விழிக்க வேண்டும்.

வாங்குகிறவன் எமெனிகே. பக்கத்து ஊர்க்காரன், மான்செஸ்டரில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறான், மனைவியை இழந்தவன். அகுடோ அவனுக்கு இரண்டு பை மாதிரி அனுப்பியிருந்தாள். ஒன்றில் கழுவிக் காய வைத்த இலை, சூப்புக்கு. இன்னொன்றில் கழுவாமல் நிழலில் உலர்த்திய இலை, காலையில் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்களுக்கு, மருந்தாக. கூடவே ஒரு கேள்வி: 'சூப்புக்கா, மருந்துக்கா? எது வேண்டும்?'

கேள்வி சின்னதுதான். ஆனால் கழுவுவது சின்ன வேலை இல்லை. இலையைக் கத்தையாகப் பிடித்து மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுக் கசக்கி, பச்சை நுரையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கசக்கி, மறுபடி கொட்டி. எத்தனை தண்ணீர் என்பதில்தான் ஒருத்தியின் கை தெரியும். கசப்பு முழுக்கப் போய்விட்டால் அது புல். போகாவிட்டால் கஷாயம். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை நிற்க வேண்டும். கழுவிவிட்ட கசப்பைத் திரும்ப இலைக்குள் போட எவளாலும் முடியாது. அதனால் பதில் வரும்வரை ஒருத்தியும் இலையைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று அகுடோ சொல்லியிருந்தாள்.

மூன்று வாரம் பதில் இல்லை. இடையில் ஒரே ஒரு தடவை போன் பண்ணி, "இந்த இலை யார் கை?" என்று மட்டும் கேட்டான். "என் கைதான்" என்றாள் இவள். "ம்" என்று வைத்துவிட்டான். அந்த ஒரு 'ம்' போதாதா எங்களுக்கு? மூன்று வாரமும் அவள் தலையைத்தான் உருட்டினோம்.

"எங்க பொண்டாட்டி, மான்செஸ்டர் குளிருமாமே, கம்பளி வாங்கிட்டியா?" என்பேன் நான்.

"அண்ணி, உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

"உன்னைக் கட்டிக் குடுக்குறதவிட வேற என்ன வேலை எனக்கு?"

ஒரு புதன்கிழமை, ஊர்க்கூடத்து முற்றத்தில் எல்லோரும் அவரவர் வீட்டுச் சமையலுக்குக் கொஞ்சம் இலை கசக்கிக்கொண்டிருந்தோம். அகுடோவின் இடுப்புத் துணிக்குள் போன் கிணுகிணுத்தது. அவள் முழங்கை வரை நுரை.

"யாராவது எடுத்துப் படிங்களேன்."

எகெம்மா பாய்ந்தாள். எகெம்மாவும் எங்கள் பங்காளி வீட்டு மருமகள்தான். ஒரு செய்தி அவளிடம் போனால் வானொலிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

"அவன்தான்! மான்செஸ்டர்!"

"படி, படி."

"'அகுடோ, உன் கை எனக்குப் புடிச்சுப்போச்சு. எனக்கு வேண்டியது இலு. இதுல வேற பேச்சு இல்ல. உங்க குடும்பத்துப் பெரியவங்ககிட்ட சொல்லி வை. சனிக்கிழமை அவங்ககிட்ட நானே பேசுறேன்.'"

முற்றத்தில் போட்டார்கள் பாருங்கள் ஒரு குலவை! சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரன் நின்று எட்டிப் பார்த்தான்.

இங்கேதான் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பேச்சில் 'இலு' என்றால் கல்யாணம் கட்டுவது. 'இலு' என்றால் கசப்பும்தான். வாயால் சொன்னால் பால்குடிக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்; ஒன்றில் குரல் ஒரு மாதிரி நிற்கும், இன்னொன்றில் வேறு மாதிரி இறங்கும். எழுதினால் கல்யாணத்துக்கு எழுத்தின் அடியில் புள்ளி வைக்க வேண்டும். கசப்புக்குப் புள்ளி கிடையாது. பள்ளிக்கூடத்தில் இதற்கு அடி வாங்காத பிள்ளை இல்லை. ஆனால் போனில் எவன் புள்ளி வைக்கிறான்? எவனும் வைப்பதில்லை. படிக்கிறவர்கள்தான் தங்கள் மனசில் இருக்கிற புள்ளியை வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

எகெம்மாவின் மனசில் மூன்று வாரமாக என்ன இருந்ததோ அந்தப் புள்ளியை அவள் வைத்தாள். அவள் குரலில் கேட்டபிறகு போன் கைமாறிப் பன்னிரண்டு பேரும் படித்தோம். பன்னிரண்டு பேருக்கும் கல்யாணம்தான் தெரிந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு அகுடோவும் படித்தாள். அவள் காது சிவந்ததைப் பார்த்தேன். கறுத்த காது சிவக்குமா என்று கேட்காதீர்கள். நான் பார்த்தேன்.

"சூப்புக்கா மருந்துக்கான்னு சொல்லலையே" என்றாள் மெதுவாக.

"அடி பைத்தியமே! பொண்டாட்டியா வான்னு கூப்பிடுறவன் கஷாயமா கேப்பான்? சூப்புதான்! கழுவினதுதான்!" என்றாள் எகெம்மா.

"எதுக்கும் ஒருவாட்டி கேட்டுடறேன்."

"என்னன்னு கேப்ப?" என்றேன் நான். "கட்டிக்கிறேன்னு சொன்னவனுக்குப் பதில் சொல்லாம, சூப்பா மருந்தான்னு கேட்டா அவன் என்ன நினைப்பான்? பெரியவங்க பேசறதுக்கு முன்னாடி பொம்பள வாய் திறக்கலாமா?"

இது நான் சொன்னது. மறைத்துச் சொல்ல மாட்டேன். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. கல்யாணம் கேட்டவனுக்குப் பெண்ணே நேராகப் பதில் அனுப்பினால் முறை கெட்டவள் என்று நான்தானே முதலில் பேசுவேன்? போனைத் துணிக்குள் சொருகிக்கொண்டாள். ஒரு நிமிஷம் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம், "சரி, கழுவுங்க" என்றாள்.

வியாழன், வெள்ளி, சனி காலை. வடக்கேயிருந்து பாலைவனப் புழுதியோடு வறட்டுக் காற்று அடிக்கிற மாதம் அது. துணி போட்டு மூடி உலர்த்தினால் இலை ஒரே நாளில் சருகாகும். பன்னிரண்டு பேரும் கை வெந்துபோகக் கழுவினோம். இருபது மூட்டை போக வேண்டும், பதினாலு மூட்டைக்கான இலையைக் கழுவி முடித்தாயிற்று. ஆறு பாக்கி. லாரி அடுத்த வியாழக்கிழமை.

சனிக்கிழமை பெரியவர்கள் கூடினார்கள். பதினாலு ஆண்கள், நடுவில் சிவப்புத் தொப்பியோடு உடேகா சித்தப்பா. என் அப்பாவின் கடைசித் தம்பி. ஊர் மரியாதைப் பட்டம் வாங்கியவர், அப்போது இருந்தவர்களில் குடும்பத்துக்கு மூத்தவர். சபை முறைப்படி கோலாக்கொட்டை உடைத்தார்கள். பனங்கள் ஊற்றினார்கள்.

"முறைப்படி அவ பொறந்த ஊருக்குத்தான் ஆள் அனுப்பணும்" என்றார் சித்தப்பா. "ஆனா பாரு, நம்மகிட்ட முதல்ல சொல்றான். மரியாதை தெரிஞ்ச பய."

மாப்பிள்ளை கொண்டுவர வேண்டிய சீர்வரிசைப் பட்டியலும் தயார் பண்ணிவிட்டார்கள். சேனை நாற்பது, ஆடு இரண்டு, கள் எத்தனை குடம், புகையிலை எவ்வளவு என்று. அகுடோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நீலத் துணியை உடுத்தியிருந்தாள். அது அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற துணி. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் எப்போதாவது இரக்கம் வரும்.

போன் அடித்தது. எகெம்மா அதைச் சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்து நடுவில் ஒரு கவிழ்த்த பானைமேல் நிறுத்தினாள்.

"ஐயாமாருக்கு வணக்கம். எமெனிகே பேசுறேன். அகுடோ விஷயம் சொல்லிச்சா?"

"சொன்னா, சொன்னா" என்றார் சித்தப்பா. "எங்களுக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்ல எடத்துலதான் கை வச்சிருக்க."

"அந்தக் கைதான் ஐயா! இருபது வருஷமா இங்க இருக்கேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. ஒரு வாய்தான் வச்சேன், தூக்கமே போயிடுச்சு."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இருமினார்.

"வெளிநாட்டுல பேச்செல்லாம் கொஞ்சம் வெளிப்படையாத்தான் இருக்கும்" என்று எகெம்மா சமாதானம் சொன்னாள்.

"பட்டியல் போட்டாச்சு தம்பி" என்றார் சித்தப்பா. "ஆடு ரெண்டு" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"ரொம்ப நல்லதுய்யா. பட்டியல் இல்லாம விமானத்துல ஏத்த மாட்டாங்க. எடை எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"எடையா?"

"ஆமா, எடை சரியா இருக்கணும். அதிகாரிங்க நிறுத்துப் பாப்பாங்க."

எல்லோர் கண்ணும் மூலைக்குத் திரும்பியது. அகுடோ தரையைப் பார்த்தாள். எகெம்மா கண்ணை இடுக்கி அவளை மேலும் கீழும் அளந்துவிட்டு, "எழுபது எழுபத்தஞ்சு கிலோ இருக்கும்" என்றாள்.

"எழுபதா! நான் இருநூறுல்ல எதிர்பாத்தேன்!"

"இருநூறா?" சித்தப்பாவின் தொப்பி நகர்ந்துவிட்டது. "தம்பி, எங்க ஊர்லயே அப்படி ஒருத்தி கிடையாதேப்பா!"

"ஒண்ணு பத்து கிலோன்னு இருபது வரணுமேய்யா."

"இருபதா? இங்க இருக்கறது ஒண்ணுதான்! நீ எத்தனை பேரத்தான் கேக்குற?"

"ஒண்ணை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? முதல்ல இருபது. நல்லாப் போச்சுன்னா மாசாமாசம் இருபது."

ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "மாசாமாசமா! இவன் என்ன ஆள்!"

"கோச்சுக்காதீங்க ஐயா. ஈரம் இல்லாம நிழல்ல வச்சிருந்தா போதும். வெயில் பட்டா நிறம் போயிடும், அதான்."

"எங்க பொண்டாட்டிய நாங்க எங்க வச்சிருந்தா உனக்கென்ன?" என்று அந்தப் பெரியவர் கத்தினார்.

அப்புறம் எமெனிகே நிதானமாக, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "ஐயா, நான் கசப்பிலையப் பத்திப் பேசுறேன். இலு வேணும்னு எழுதினேனே, கசப்பு! கழுவாதது. மருந்துக்கு. உங்க ஊர்ல பூச்சிமருந்து அடிக்காம வளத்த இலைன்னு பெரியவங்க ஒரு கடிதம் எழுதித் தரணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

இந்தத் தடவை அந்தச் சொல்லை அவன் வாயால் சொன்னான். கசப்பு. குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. புள்ளிக்கு அங்கே இடமே இல்லை.

நான் எகெம்மாவைப் பார்த்தேன். எகெம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். பதினாலு ஆண்களும் கள் குவளைக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி உள்ளே பார்த்தார்கள். பதினோரு பெண்கள் தங்கள் வெந்த கைகளைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் அகுடோவைப் பார்த்தோம். பதினாலு மூட்டை இலையின் கசப்பு ஊர்க்கூடத்துச் சாக்கடையில் ஓடிப்போயிருந்தது.

அவள் எழுந்து வந்து போனை எடுத்தாள்.

"எமெனிகே, அகுடோ பேசுறேன். கழுவாதது, மருந்துக்கு, இருபது மூட்டை. வியாழக்கிழமை லாரி. கடிதம் இன்னிக்கே எழுதிடுவாங்க."

"சரி. தயாரா இருக்கா?"

"இருக்கும்."

"அதிருக்கட்டும், அங்க யாரோ ஆடுன்னு பேசிட்டிருந்த மாதிரி கேட்டுச்சே?"

"அது வேற ஆடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு திரும்பினாள். நான் முதலிலேயே சொன்னேனே, வாய் குறைந்தவள் என்று. அன்று அவள் பேசியதை அங்கே இருந்த ஆண்கள் இன்னும் மறக்கவில்லை.

"எல்லாரும் என்னைக் கட்டிக் குடுக்க வந்தீங்க, நன்றி. பதினாலு பேர் வந்திருக்கீங்க. எனக்குப் பதினாலு மூட்டை கழுவாத இலை குறையுது. உங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் வேலி இருக்கு. எனக்கு வேலி வேணும்."

"வேலியவா?" என்றார்கள் ஆளாளுக்கு. "வேலி மொட்டையானா நாங்க எங்க குளிக்கிறது?"

"சும்மா கேக்கல. கழுவின இலை பதினாலு மூட்டை இருக்கு. ஒரு வேலிக்கு ஒரு மூட்டை. வருஷம் முழுக்க உங்க வீட்டுப் பொம்பளைங்க இலை கசக்க வேண்டாம். அப்படியே சட்டில போட்டா சூப்பு."

ஆண்கள் யோசித்தார்கள். அவர்கள் பெண்டாட்டிமார் யோசிக்கவே இல்லை. "குடுத்துட்டோம்!" என்று ஜன்னல் வழியே நாலு குரல் வந்தது. எங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களோ! அதோடு முடிந்தது பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் துணியோடே வேலிகளில் இறங்கினோம். கத்தி, அரிவாள், சாக்கு. நானும் அகுடோவும் ஒரே வேலியில் நின்றபோது மெல்லக் கேட்டேன், இந்தத் தடவை கிண்டலுக்கு இல்லை.

"ஏண்டி, நெஜமாவே அவன் அதுக்குத்தான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் ஒரு கத்தை இலையை அறுத்துச் சாக்கில் போட்டாள். இன்னொரு கத்தை அறுத்தாள்.

"எடை இருநூறு இல்லைன்னு சொல்லியிருப்பேன் அண்ணி."

அவ்வளவுதான் அவளிடமிருந்து பெயர்ந்தது. நான் எவ்வளவோ வலை வீசிப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வேலி மொட்டை. ஊரே வெட்டவெளியாகிவிட்டது. யார் வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள், யார் துவைத்த துணியில் எத்தனை கிழிசல் என்று எல்லாம் தெரிந்தது. எகெம்மாவுக்கு அன்று திருவிழா. ஆனால் பதின்மூன்றாவது வேலியில் வேலை நின்றது. அது உடேகா சித்தப்பாவின் வேலி. எல்லா வேலியிலும் பழையது, அடர்த்தியானது. அது ஒன்றே இரண்டு மூட்டைக்கு மேல் தேறும். பதினாலாவது வீட்டில் வேலியே செங்கல் சுவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே அவர் வேலி இல்லாமல் கணக்கு நிறையாது.

"என் வேலியத் தொடாதீங்க" என்றார் சித்தப்பா, வாசலில் கைத்தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு.

"ஏன் சித்தப்பா? நீங்கதானே நேத்து முதல்ல தலையாட்டினீங்க?"

"ஆட்டினேன். தலை என்னோடது, வேலியும் என்னோடது."

"காரணம் சொல்லுங்களேன்."

"காத்து அடிக்குது. புழுதி வருது. பட்டம் வாங்கினவன் நாலு பேர் பாக்கத் திறந்துபோட்டா உக்காருவான்?" காரணம் ஒவ்வொன்றாக வந்தது, ஒன்று போதும் என்று நினைக்கிறவர் பேச்சாக இல்லை அது.

திங்கள் காலையில் அகுடோ தனியாகப் போனாள். தனியாக என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போய்ப் பப்பாளி மரத்தடியில் நின்றுகொண்டேன். வாசலுக்குப் போகாமல் அவள் வேலியின் வெளிப்புறமாகவே நடந்து கொல்லைப்பக்கம் வந்தாள். நின்றாள். காற்றை மோந்து பார்த்தாள். எனக்கும் அந்த வாசனை வந்தது. பனையெண்ணெய் தீய்ந்த வாசனை.

பட்டம் வாங்கிய ஆண்மகன் அடுப்படியில் நிற்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சித்தி போனபிறகு சித்தப்பாவுக்கு அவர் மருமகள்தான் சட்டி சட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். ஆனால் அவள் வைக்கிற சூப்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். அவளை நோகடிக்க மனசில்லாமல் மனுஷன் அதை நாய்க்கு ஊற்றிவிட்டு, வேலி மறைவில் மூன்று கல் வைத்துத் தானே சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போய் இப்போது மூன்று வருஷம் ஆகிறது, அந்த மருமகளும் அபூஜாவில் இருக்கிறாள். இனி சொன்னால் தப்பில்லை.

அகுடோ இலைகளை விலக்கவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் நின்றபடியே தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"மாமா."

உள்ளே அகப்பை கீழே விழுந்த சத்தம்.

"யாரது?"

"அகுடோதான். இலைக்கு எத்தனை தண்ணி ஊத்துறீங்க?"

சட்டியை அடுப்பிலிருந்து இறக்குகிற சத்தம். அப்புறம், பட்டம் வாங்கியவர் குரல் இல்லை அது, அடி வாங்கிய பையன் குரல்: "ரெண்டு."

"ரெண்டா! மாமா, எப்படித்தான் முழுங்குறீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "முன்பக்கம், ரெண்டு ஓரம், அதை மட்டும் எடுத்துக்கறேன். கொல்லைப்பக்கம் ஒரு இலை தொட மாட்டேன். யாரும் கேட்டா அந்தப் பக்கம் பூச்சி புடிச்சிருக்குன்னு சொல்றேன். கழுவின இலை ஒரு மூட்டைக்கு ரெண்டு மூட்டையா உங்களுக்கு அனுப்பறேன். எண்ணெய் சூடானதும், சூப்பு கெட்டியாக, வேக வச்ச சேப்பங்கிழங்கை மசிச்சுப் போடுங்க, அப்புறம் மீன், இலை எல்லாத்துக்கும் கடைசியா. அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு வைங்க."

"கிழங்கு எவ்வளவு?"

"உங்க கைப்பிடி அளவுல நாலு."

"நாலா? நான் பத்துப் போட்டேன்."

"அதான் தீய்ஞ்சுது."

வேலி சற்று அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் நீண்டு கைத்தடியால் முன்பக்கத்தைக் காட்டியது. "சீக்கிரம் அறுத்துக்கிட்டுப் போ. அந்த எகெம்மாவ மட்டும் கூட்டிட்டு வராதே."

வியாழக்கிழமை இருபது மூட்டை லாரியில் ஏறியது. ஆறு மூட்டை பெண்களின் நிலத்தில் மிச்சமிருந்த இலை, பதினாலு மூட்டை ஊர் வேலி. ஊர்க்கூடத்துக் கதவு, ஜன்னல், பெஞ்சு, பேச்சாளர் மேடை எல்லாவற்றிலும் பரப்பி, காற்று தன் வேலையைச் செய்து, மூன்றே நாளில் உலர்ந்திருந்தது. எகெம்மா பரிகாரமாக மூட்டைகளைத் தைத்தாள், வாயை மூடிக்கொண்டு. அவள் வாழ்க்கையில் அது பெரிய தண்டனை.

மூன்று வாரம் கழித்து எமெனிகே பேசினான். இந்த முறை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று அகுடோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் பன்னிரண்டு பேரும் போனைச் சுற்றி நின்றோம்.

"எல்லாம் வந்து சேந்துச்சு. சரக்கு சுத்தம். அடுத்த மாசம் இருபது மூட்டை அனுப்பு" என்றான்.

பதினோரு பெண்கள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்கள். ஒருத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அகுடோ கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றான் எமெனிகே. "அதுல ரெண்டு மூட்டை தனியாத் தெரிஞ்சுது. என்ன கசப்பு! வாடிக்கைக்காரங்க அதையே கேக்குறாங்க. அது எந்த மரம்?"

"ஒரு பழைய வேலி."

"அந்த வேலில இன்னும் இருக்கா?"

"ஒரு பக்கம் இருக்கு."

"அதையும் அறுத்து அனுப்பு. அதுக்கு மட்டும் ரெண்டு மடங்கு விலை தரேன்."

நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். இரண்டு மடங்கு என்றதும் எகெம்மாவின் கை தானாகவே அரிவாளைத் தேடியது. ஊர் மறுபடி இலை விட இரண்டு மாதமாவது ஆகும் என்பது அகுடோவுக்கும் தெரியும்.

"அந்தப் பக்கம் பூச்சி புடிச்சிருக்கு" என்றாள் அகுடோ. "வேற எங்கயாவது பாத்து அனுப்பறேன்."